39 வயதில் முதல் கர்ப்பம்: எதற்குக் கவலைப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

கேள்வி: எனக்கு 39 வயது. திருமணமாகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, சிகிச்சை ஏதுமின்றி இயல்பாகவே கருவுற்றிருக்கிறேன். இது முதல் கர்ப்பம். இப்போது 9 வாரம். போன வாரம் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். பிரசவத்துக்கு முன்பே எனக்கு 40 நிறைந்துவிடும். உயரம் 158 செ.மீ., எடை 71 கிலோ. சில ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. கணவருக்கு 44 வயது. 'இந்த வயதில் இது தேவையா' என்று சிலர் கேட்கிறார்கள். 'படுக்கையை விட்டு எழுந்திருக்காதே' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இரவில் தூக்கம் வராமல் கைபேசியில் தேடிப் படிக்கப் படிக்கப் பயம்தான் கூடுகிறது. குழந்தைக்குக் குறை வருமா? முழு ஓய்வில் இருக்க வேண்டுமா? எந்தப் பரிசோதனைகள் அவசியம்? என் வயதுக்கு சிசேரியன்தான் வழியா?

மகப்பேறு மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

'இந்த வயதில் இது தேவையா' என்பது மருத்துவக் கேள்வி அல்ல. அதற்கு நீங்கள் யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரும் அல்லர். மருத்துவம் கேட்கும் கேள்வி வேறு: வயது கூடுவதால் எந்தெந்தச் சிக்கல்கள் வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது, அவற்றில் எவை நம் கைக்குள் இருக்கின்றன, எவை இல்லை? உங்கள் கடிதத்தில் குழந்தையின் குறைபாடு பற்றிய பயம் நிறைய இருக்கிறது. கருச்சிதைவு பற்றிய பயம் வரிகளுக்கு இடையில் தெரிகிறது. ரத்த அழுத்தம் என்ற சொல்லோ ஓரிடத்திலும் இல்லை. இந்த வயதில் முதல் முறையாகக் கருவுற்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோரின் கவலை இந்த வரிசையில்தான் அமைந்திருக்கிறது. இந்த வரிசையை மாற்றிப் போட வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் நீங்கள் மிகவும் அஞ்சுவதைப் பார்த்துவிடுவோம். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, பாதிப் பிரிந்த நிலையில் பல ஆண்டுகள் காத்திருக்கின்றன. காத்திருப்பு நீள நீள, முட்டை முதிரும் வேளையில் குரோமோசோம்கள் சரிசமமாகப் பிரியாமல் போகும் வாய்ப்பு அதிகரிக்கிறது. அப்படி 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக வந்து சேருவதே டவுன் சிண்ட்ரோம். 30 வயதில் பிரசவிக்கும் பெண்ணுக்கு இதன் வாய்ப்பு ஏறத்தாழ 900-இல் ஒன்று. 35-இல் சுமார் 350-இல் ஒன்று. 40-இல் சுமார் 100-இல் ஒன்று. ஏற்றம் உண்மையானது, அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் உங்களைப் போன்ற நூறு பேரில் 99 பேருக்கு இந்தக் குறைபாடு இருக்காது என்பதும் அதே கணக்குதான். இன்னொன்றையும் கவனியுங்கள்: இது பெரும்பாலும் கருத்தரித்த அன்றே முடிவாகிவிட்ட விஷயம். இனி நீங்கள் உண்பதோ, நடப்பதோ, மாடிப்படி ஏறுவதோ, அழுவதோ அதை மாற்றாது. செய்யக்கூடியது, வேண்டுமென்றால் தெரிந்துகொள்வது மட்டுமே.

35 என்ற எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அந்தப் பிறந்தநாளில் உடம்பில் எதுவும் திடீரென மாறிவிடுவதில்லை. 1970-களில் பனிக்குடநீரை ஊசியால் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை பரவத் தொடங்கியபோது, அந்த ஊசியால் கரு கலையும் அபாயமும் குரோமோசோம் குறைபாடு இருக்கும் வாய்ப்பும் ஏறத்தாழச் சமமாகும் வயது என்று 35-ஐ எடுத்துக்கொண்டார்கள். யாருக்கு ஊசி போடலாம் என்று முடிவு செய்ய வகுத்த கோடு, காலப்போக்கில் பெண்களைப் பயமுறுத்தும் கோடாக மாறிவிட்டது. கணவருக்கு 44 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் 'இந்த வயதில் தேவையா' என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தந்தையின் வயது ஏறும்போதும் விந்தணுவில் புதிய மரபணு மாற்றங்கள் சற்றே கூடுகின்றன என்பது மருத்துவ உலகம் அறிந்த செய்திதான்.

கருச்சிதைவின் வாய்ப்பும் வயதோடு கூடுகிறது. இருபதுகளின் பிற்பகுதியில் பத்தில் ஒரு கர்ப்பம் கலைகிறது என்றால், 40-ஐ ஒட்டிய வயதில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கலைகிறது. ஆனால் ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்த பிறகு அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். நீங்கள் அந்தக் கட்டத்தைக் கடந்திருக்கிறீர்கள். தொடக்க வாரங்களில் கலையும் கர்ப்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் காரணம் குரோமோசோம் பிழைதான். எழுந்து நடந்ததாலோ குனிந்து நிமிர்ந்ததாலோ கலைந்தது என்று பழி சுமத்துவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. படுத்தே இருப்பது கருச்சிதைவைத் தடுப்பதாக எந்த ஆய்வும் நிறுவவில்லை. மாறாக, அசைவின்றிக் கிடந்தால் கால்களின் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. அந்த அபாயத்தைக் கர்ப்பமும் 35-ஐக் கடந்த வயதும் ஏற்கெனவே சற்று உயர்த்தி வைத்திருக்கின்றன. தசை தளர்கிறது, சர்க்கரை ஏறுகிறது. வீட்டுப் பெரியவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கு மரியாதையாகச் சொல்லுங்கள்: மருத்துவர் எழுந்து நடக்கச் சொன்னார் என்று. பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இனி, கடிதத்தில் இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். பிரீஎக்லாம்சியா என்பது கர்ப்பத்தின் 20-ஆவது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதம் வெளியேறுவதோடு சிறுநீரகம், கல்லீரல், மூளை ஆகியவற்றையும் பாதிக்கக்கூடிய நோய். தாய்க்கு வலிப்பு வரை கொண்டுபோகும்; குழந்தையின் வளர்ச்சியைக் குன்றச் செய்யும்; சில வேளைகளில் குறைமாதத்திலேயே பிரசவிக்க வைப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் செய்துவிடும். நோய் வெளியே தெரிவது பிற்பாதியில் என்றாலும், அதன் வேர் முதல் நான்கு மாதங்களில் இருக்கிறது. நஞ்சுக்கொடி கருப்பையில் வேரூன்றும் அந்தக் காலத்தில் தாயின் ரத்தக் குழாய்கள் போதிய அளவு விரிந்து கொடுக்காவிட்டால், பின்னால் குழந்தைக்கு ரத்தம் போதாமல் போகிறது. அதன் எதிர்வினையாகத் தாயின் அழுத்தம் எகிறுகிறது. தலைப்பிரசவம், கூடிய வயது, கூடுதல் எடை ஆகிய மூன்றும் இதன் வாய்ப்பை உயர்த்துபவை. மூன்றும் உங்களிடம் ஓரளவுக்கு இருக்கின்றன. உங்கள் தாய்க்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ கர்ப்பத்தின்போது ரத்த அழுத்தம் இருந்ததா என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

நல்ல செய்தி, இதைத் தடுக்க எளிய மருந்து ஒன்று இருக்கிறது: குறைந்த அளவு ஆஸ்பிரின். 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அபாயம் கூடுதல் எனக் கண்டறியப்பட்ட கர்ப்பிணிகளுக்கு 11 முதல் 14 வாரங்களுக்குள் தொடங்கி 36-ஆவது வாரம் வரை இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்தார்கள். 37 வாரங்களுக்கு முன்பே பிரசவிக்கச் செய்யும் வகை பிரீஎக்லாம்சியா, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் மாத்திரை உண்டவர்களில் 100-க்கு 4 பேருக்கு மேல் வந்தது. ஆஸ்பிரின் உண்டவர்களில் 100-க்கு 2 பேருக்கும் குறைவாகவே வந்தது. ஆனால் இந்த மருந்துக்கு நேரம் முக்கியம். 12-ஆவது வாரத்துக்குப் பிறகு, 16-ஆவது வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும். ஏழாம் மாதத்தில் அழுத்தம் ஏறிய பின் தொடங்கிப் பெரிதாகப் பயனில்லை. எனவேதான் 9-ஆவது வாரத்திலேயே நீங்கள் எழுதியதை நல்ல வேளை என்கிறேன். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, 'எனக்கு ஆஸ்பிரின் தேவையா' என்று நீங்களாகவே கேளுங்கள். நீங்களாகவே தொடங்கிவிடாதீர்கள்: ஆஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றுப்புண், ரத்தக் கசிவுக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது, 75 முதல் 150 மி.கி. வரை எந்த அளவு என்பதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். 'கர்ப்பத்தில் ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரையா' என்று மருந்துக்கடைக்காரர் முதல் உறவினர் வரை பலர் அதிர்ச்சி காட்டுவார்கள். அதைக் கேட்டு மருத்துவரிடம் சொல்லாமலே பாதியில் நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள்.

வீட்டில் ரத்த அழுத்தமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது. மணிக்கட்டில் கட்டுவதை விட, மேற்கையில் கட்டும் கருவியே நம்பகமானது. காப்பி, தேநீர் குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்வில் பதிய நாற்காலியில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கால்மேல் கால் போடாமல் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். சட்டைக் கையின்மேல் கட்டாமல் தோலின்மேல் கட்டி, முழங்கையை மேசையில் வைத்து, பட்டை நெஞ்சின் உயரத்துக்கு வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, இரண்டையும் தேதியோடு எழுதி வையுங்கள். பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் அழுத்தம் உண்மையை விடக் கூடுதலாகக் காட்டும். மேற்கையின் சுற்றளவை அளந்து அதற்கேற்ற பட்டை வாங்குங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால், சற்று நேரம் கழித்து மீண்டும் எடுத்துப் பார்த்து, அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். 160/110-ஐத் தொட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். விடாத தலைவலி, கண்ணில் மின்னல் தெறிப்பது அல்லது பார்வை மங்குவது, வலப்பக்க விலாவின் கீழ் வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குவது ஆகியவை இருந்தால் கருவி என்ன காட்டினாலும் போங்கள். மாலையில் கால் வீங்குவது கர்ப்பிணிகள் பலருக்கும் இருப்பதுதான். முகம் வீங்குவது அப்படிப்பட்டதல்ல.

அடுத்தது சர்க்கரை. வயது, எடை, தாய்க்கு நீரிழிவு என்று மூன்று காரணங்கள் இருப்பதால், 24 முதல் 28 வாரம் வரை காத்திராமல் இப்போதே ஒரு முறை பார்த்துவிட வேண்டும். இப்போது சரியாக இருந்தாலும் 24-28 வாரங்களில் மீண்டும் பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பது அந்தக் காலத்தில்தான் வலுக்கிறது. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து, ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் மீண்டும் எடுப்பார்கள். பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோலின்படி இந்த மூன்று வேளைகளுக்கும் முறையே 92, 180, 153 மி.கி. என்ற எல்லைகளில் ஒன்றைத் தொட்டாலும் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்ளப்படுகிறது. வந்துவிட்டால் அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். பலருக்கு உணவை ஒழுங்குபடுத்துவதும், சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதுமே போதுமானதாக இருக்கிறது. சிலருக்கு மாத்திரையோ இன்சுலினோ தேவைப்படும். இன்சுலின் என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். கட்டுக்குள் இல்லாத சர்க்கரைதான் குழந்தைக்குக் கெடுதல். இன்சுலின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் போவதில்லை.

தைராய்டு மாத்திரை விஷயத்தில் தாமதம் வேண்டாம். முதல் மூன்று மாதங்களில் குழந்தை தன் தைராய்டு ஹார்மோனுக்கு முழுக்க உங்களையே நம்பியிருக்கிறது. கருவுற்றதும் தேவை கூடுவதால், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண்களில் பெரும்பாலோருக்கு அளவை 25 முதல் 30 சதவீதம் வரை உயர்த்த வேண்டியிருக்கும். கருவுற்ற பிறகு டி.எஸ்.ஹெச். (தைராய்டு போதிய அளவு இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பாருங்கள். மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது பொதுவாக 2.5-க்குக் கீழ் இருப்பது நல்லது. பிறகு கர்ப்பத்தின் நடுப்பகுதி வரை நான்கு வாரங்களுக்கு ஒரு முறையும், 30-ஆவது வாரத்தை ஒட்டி ஒரு முறையும் பார்ப்பது வழக்கம்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தைராக்சினை, அதாவது உங்கள் தைராய்டு மாத்திரையை, உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும். கால்சியம் இரும்பையும் தடுக்கும். எல்லாவற்றையும் காலையில் ஒரே கையில் எடுத்து விழுங்கிவிட்டு, 'டோஸ் கூட்டியும் டி.எஸ்.ஹெச். இறங்கவில்லையே' என்று வருபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராக்சின். காலை உணவும் காப்பியும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. ஃபோலிக் அமிலத்தைக் காலை உணவோடு சேர்த்துக்கொள்ளலாம். இரும்பு, மருத்துவர் தொடங்கச் சொன்ன பின், தைராக்சினுக்கு நான்கு மணி நேரமாவது தள்ளி, முற்பகலிலோ மாலையிலோ, எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புள்ள ஒன்றோடு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீர், காப்பி வேண்டாம். கால்சியம் மதிய உணவோடு. ஆஸ்பிரின் தரப்பட்டால் இரவில். இதை ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டிவிட்டால், குமட்டல் மிகுந்த நாட்களில்கூட யோசிக்கத் தேவையிருக்காது.

ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம், 12 வாரம் முடியும்வரை தொடர வேண்டும். முன்பு தண்டுவடக் குறையுள்ள குழந்தை பிறந்தவர்கள், வலிப்பு மருந்து உண்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் போன்றோருக்கு மட்டும் அளவு பல மடங்கு கூடும். குழந்தையின் தண்டுவடம் கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. எனவே, இதே வயதில் கருத்தரிக்க எண்ணியிருக்கும் மற்ற வாசகிகள் ஒரு மாதத்துக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு 'ப்ரில்' என்றோ 'சார்டன்' என்றோ முடியும் பெயருள்ள மாத்திரை உண்பவர்கள், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

எடையைப் பொறுத்தவரை, உங்கள் உயரத்துக்கு உடல் நிறை குறியீடு சுமார் 28 வருகிறது. இந்த அளவில் இருப்பவர்கள் கர்ப்பம் முழுவதிலும் 7 முதல் 11.5 கிலோ வரை கூடினால் போதும். இப்போது பட்டினி கிடந்து குறைப்பதும் தவறு; இரண்டு பேருக்காகச் சாப்பிடுகிறேன் என்று இரட்டிப்பதும் தவறு. முதல் மூன்று மாதங்களில் கூடுதல் உணவு ஏறக்குறைய தேவையே இல்லை. ஒவ்வொரு வேளையும் பருப்பு, பால், முட்டை, மீன், இறைச்சி என ஏதாவது ஒரு புரதமும், தட்டில் பாதியளவு காய்கறியும் இருக்கட்டும். மாவுச்சத்து எஞ்சிய இடத்தில் இருக்கட்டும். முட்டையும் இறைச்சியும் நன்றாக வெந்திருக்க வேண்டும். பால் காய்ச்சியதாக இருக்க வேண்டும். காப்பியை ஒன்றிரண்டு கோப்பைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 200 மி.கி. காஃபின் என்பது எல்லை, அதில் தேநீரும் கோலா பானமும் சேரும். மதுவும் புகையும் அறவே கூடாது, அருகில் பிறர் விடும் புகை உட்பட. வலிக்குப் பாரசிட்டமால் எடுக்கலாம். இப்யூபுரூஃபன் வகை வேண்டாம். 'சத்துக்கு' என்று தரப்படும், உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதாத பொடிகளையும் லேகியங்களையும் தவிர்த்துவிடுங்கள்.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி கர்ப்பிணிகளுக்கும் பரிந்துரைக்கப்படும் அளவுதான். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகமே மிதம். நாற்காலி வேலையில் இருப்பவர் என்றால் மணிக்கு ஒரு முறை எழுந்து சில நிமிடம் நடங்கள். ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, பிற்பாதியிலும் கீழிறங்கியே இருக்கும் நஞ்சுக்கொடி, கருப்பை வாயில் தையல், உயர்ந்த ரத்த அழுத்தம், முன்கூட்டிய பிரசவ வலி ஆகியவை இருந்தால் மட்டும் இந்த அறிவுரை பொருந்தாது. அப்போது மருத்துவர் சொல்வதே முடிவு.

பரிசோதனைகளில் குரோமோசோம் தொடர்பானவை உங்கள் விருப்பத்துக்கு உட்பட்டவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 10-ஆவது வாரம் முதல் செய்யக்கூடிய என்.ஐ.பி.டி. என்ற ரத்தப் பரிசோதனை, தாயின் ரத்தத்தில் மிதக்கும் நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ. துணுக்குகளை எண்ணிப் பார்க்கிறது. டவுன் சிண்ட்ரோமை நூற்றுக்கு 99 அளவில் கண்டுபிடித்துவிடும். மற்றக் குறைபாடுகளில் அவ்வளவு துல்லியம் இல்லை. ஆனால் அது சலித்துப் பார்க்கும் பரிசோதனையே தவிரத் தீர்ப்பு அல்ல. 'அபாயம் அதிகம்' என்று முடிவு வந்தால், அதை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்கக்கூடாது. 15-ஆவது வாரத்துக்குப் பிறகு பனிக்குடநீரை எடுத்து உறுதிசெய்ய வேண்டும். இன்றைய நிலையில், கைதேர்ந்தவர் செய்தால் அதனால் கரு கலையும் அபாயம் 200-இல் ஒன்றுக்கும் குறைவு. ரத்தப் பரிசோதனை செய்தாலும் 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனை விட்டுவிட வேண்டாம். குழந்தையின் பிடரியில் தேங்கும் நீரின் தடிமன் அதில்தான் தெரியும்; அது கூடுதலாக இருந்தால் குறைபாட்டின் அறிகுறியாக இருக்கலாம். இரட்டைக் குழந்தையா என்பதும் அதில் உறுதியாகும். வயது கூடும்போது ஒரே மாதத்தில் இரண்டு முட்டைகள் வெளிவருவது சற்றுக் கூடுவதால், சிகிச்சையின்றியே இரட்டையர் உருவாவதும் கூடுகிறது. முடிவு எப்படி வந்தால் என்ன செய்வோம் என்று கணவரும் நீங்களும் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். எதுவானாலும் வளர்ப்போம் என்று தீர்மானித்து இவற்றை வேண்டாமென்று சொல்பவர்களையும், முன்பே அறிந்து தயாராக விரும்புபவர்களையும் நான் சரிசமமாகவே மதிக்கிறேன்.

18 முதல் 22 வாரங்களுக்குள் உறுப்புகளைப் பார்க்கும் விரிவான ஸ்கேன் எல்லோருக்கும் அவசியம். இதயத்தையும் நஞ்சுக்கொடி இருக்குமிடத்தையும் அதில் கவனமாகப் பார்ப்பார்கள். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடி இருப்பது வயது கூடியவர்களிடம் சற்று அதிகம். வலியே இல்லாத ரத்தப்போக்கு அதன் அடையாளம், எத்தனை சிறிதானாலும் உடனே காட்ட வேண்டியது. கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன்கள் உங்களுக்குக் கூடுதலாக இருக்கும். கக்குவான் தடுப்பூசியை 27 முதல் 36 வாரங்களுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளூ தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

28-ஆவது வாரம் முதல் தூங்கும்போது ஒருக்களித்துப் படுங்கள். இடப்பக்கமோ வலப்பக்கமோ எதுவானாலும் சரி. நடுவில் விழித்து மல்லாந்திருப்பதைக் கண்டால் பதறாமல் திரும்பிப் படுத்தால் போதும். அந்தக் காலத்தில் உங்கள் குழந்தை எப்போது எப்படி அசைகிறது என்று உங்களுக்கே பழகிவிடும். வழக்கத்தை விடக் குறைந்ததாகத் தோன்றினால், அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போங்கள். 'பிரசவம் நெருங்கினால் அசைவு குறையும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது தவறு. வீட்டில் வைத்துக் கேட்கும் துடிப்புக் கருவியால் ஆறுதல் அடைந்து தாமதிப்பதும் ஆபத்து.

கடைசிக் கேள்வி சிசேரியன் பற்றியது. வயது மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது. வயது கூடியவர்களுக்கு சிசேரியன் நடக்கும் விகிதம் கூடுதல் என்பது உண்மை. அதில் ஒரு பகுதிக்கு உண்மையான காரணங்கள் உண்டு, ஒரு பகுதிக்கு மருத்துவர்களின் பயமும் காரணம் என்பேன். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: நாள் கடந்து காத்திருக்கலாமா என்பது. 39-40 வாரங்களில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் வாய்ப்பு, 35-க்குக் கீழ் உள்ளவர்களில் ஆயிரத்தில் ஒன்று என்றால், 40-ஐக் கடந்தவர்களில் ஆயிரத்தில் இரண்டு. மிகச் சிறிய எண்தான். ஆனாலும் தடுக்கக்கூடியது என்பதால், 39-40 வாரத்தில் மருந்து கொடுத்து வலி வரவழைப்பதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அதனால் சிசேரியன் அதிகரிக்கும் என்ற அச்சத்தைச் சோதிக்க, 35 வயதும் அதற்கு மேலும் உள்ள தலைப்பிரசவப் பெண்களிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. 39-ஆவது வாரத்தில் வலி வரவழைத்தவர்களிடம் சிசேரியன் கூடவில்லை. 36-ஆவது வாரத்தில் இதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். சுகப்பிரசவத்துக்கு முயல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இரவில் கைபேசியில் தேடுவது பற்றி: மனம் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் அதைத் தாளில் எழுதிவைத்துவிட்டு, மருத்துவரிடம் போகும்போது கேளுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் நீடித்தால், ரத்த அழுத்தத்தைச் சொல்வதுபோலவே அதையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள். கர்ப்பகால மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு.

பிரசவத்தோடு கவனிப்பு முடிந்துவிடுவதில்லை. ரத்த அழுத்தம் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் பிரசவித்த 3 முதல் 6 நாட்களுக்குள், அதாவது வீடு திரும்பி எல்லோரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்களில். அப்போது கடுமையான தலைவலி வந்தால் தூக்கமின்மை என்று ஒதுக்காமல் அழுத்தத்தை அளந்து பாருங்கள். தைராக்சின் அளவு பொதுவாகக் கர்ப்பத்துக்கு முந்தைய நிலைக்குத் திரும்பும். ஆறு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தால், 6 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் குளுக்கோஸ் குடித்துப் பரிசோதித்துவிட்டு, அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்த்து வாருங்கள்.